உயர் நீதிமன்றச் சிவப்புக் கட்டடம்: பழுதுபார்ப்பை எங்கிருந்து தொடங்குவது?

பாரிமுனை (இழையைத் தொடங்கியவர்)

சென்னை உயர் நீதிமன்றப் பழைய கட்டடத்தின் குவிமாடப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அதன் செங்கல், சுண்ணாம்பு, கூரை, வடிகால் பற்றிப் பேசும் இடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

முதலில் தேதிகள். 1862 ஆகஸ்ட் 15இல் நீதிமன்றம் இயங்கத் தொடங்கியபோது இந்தக் கட்டடம் கிடையாது. கடற்கரைச் சாலையில் இருந்த பென்டிங்க் கட்டடத்தில்தான் 30 ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. அந்தக் கட்டடம் பின்னாளில் இடிக்கப்பட்டு, இன்று அங்கே சிங்காரவேலர் மாளிகை நிற்கிறது. இப்போதைய கட்டடத்துக்கு 1888இல் வேலை தொடங்கி, 1892 ஜூலை 12இல் ஆளுநர் வென்லாக் பிரபு தலைமை நீதிபதி சர் ஆர்தர் காலின்ஸிடம் ஒப்படைத்தார். செலவு சுமார் 13 லட்சம் ரூபாய். வரைந்தவர் ஹென்றி இர்வின். எடுத்துக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார்.

என் கேள்வி இதுதான். இப்படி 130 வயது தாண்டிய செங்கல் கட்டடத்தில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் எது? சுவரா, கூரையா? சிமென்ட் எங்கேயாவது செல்லுமா?

---

கோட்டைமேடு

ஒரு திருத்தம், பாரிமுனை சார். முதல் வரைபடம் ஜே. டபிள்யூ. பிராசிங்டனுடையது. இர்வின் அதைக் கையில் எடுத்துத் திருத்தி முடித்தார். கூடவே ஜே. எச். ஸ்டீபன்ஸ் இருந்தார். இர்வினின் கை தெரிய வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் சட்டக் கல்லூரிக் கட்டடத்தையும் (1899) சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றிலும் பலருக்குக் குழப்பம். வளாகத்தில் கலங்கரை விளக்கம் இருந்த இடங்கள் இரண்டு. தனியாக நிற்கும் டோரிக் (பழைய கிரேக்க) பாணிக் கருங்கல் தூணில் 1844இல் விளக்கு ஏற்றப்பட்டது, அது நீதிமன்றக் கட்டடத்தைவிட அரை நூற்றாண்டு மூத்தது. நீதிமன்றக் கோபுரம் அதைவிட உயரமாக எழும்பியதும், 1894இல் விளக்கைக் கோபுர உச்சிக்கு மாற்றினார்கள். சுமார் 175 அடி உயரம். 1977இல் மெரினாவில் புதிய விளக்கு வரும்வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது அதுதான்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது பழைய கறுப்பர் நகரம், அதாவது கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதி, இருந்த இடம். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இங்கேதான் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த அனுபவத்துக்குப் பிறகு, பீரங்கிக்கு மறைவு இல்லாத வெட்டவெளி வேண்டும் என்று கோட்டைக்கு வடக்கே இருந்த வீடுகளை ஆங்கிலேயர் இடித்தார்கள். 1757இல் கோயிலும் போனது. ஈடாகக் கிடைத்த நிலத்தில் எழுந்ததுதான் இன்றைய பூக்கடைக் கோயில். ஆகவே வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் எடுப்பவர் இதைக் கன்னி மண் என்று நினைக்கக் கூடாது. பழைய அடித்தளம், செங்கல் குப்பை, மூடிய கிணறு எது வேண்டுமானாலும் தட்டுப்படலாம். பொக்லைனை ஒதுக்கிவிட்டு, முதல் 1 மீட்டரை மண்வெட்டியால்தான் எடுக்க வேண்டும்.

---

காரைக்கூட்டு

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு நேர்ப் பதில்: தண்ணீர் போகும் வழியிலிருந்து. சுவரைத் தொட்டுவிட்டுக் கூரைக்குப் போனால் செய்த வேலை மறுபடியும் கெடும்.

முதல் மழைக்கு முன்னால் மாடிக்கு ஏறி மழைநீர்க் குழாய் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் அடைப்பு. புறா எச்சம், சருகு, பழைய பூச்சு உதிரல் இவைதான் எப்போதும் காரணம். செங்கல் சுவரோடு பதித்த வார்ப்பிரும்புக் குழாய் இன்னும் மோசம். பின்பக்கம் துரு தின்று ஓட்டை விழுந்திருக்கும், முன்பக்கம் பெயின்ட் பளபளக்கும். குழாய்க்குப் பின்னால் சுவர் பச்சை பிடித்திருந்தால் குழாயைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். புதிதாக மாட்டும்போது சுவரிலிருந்து குறைந்தது 1 அங்குலம் தள்ளி மாட்டுங்கள். பின்பக்கத்துக்கும் பெயின்ட் தூரிகை போக இடம் வேண்டும்.

அடுத்தது கைப்பிடிச் சுவர், குவிமாடத்தின் அடிவளையம், சின்னக் கோபுரங்கள் கூரையோடு சேரும் மூலைகள். இதைப் போன்ற இந்தோ சாரசெனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த) கட்டடங்களில் இப்படி மூலைகள் நூற்றுக்கணக்கில் வரும், ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பள்ளம். அரசங்கன்று முளைப்பதும் அங்கேதான்.

கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் செங்கல்களுக்கு இடையே சாந்து வைத்த இணைப்புக்குள் ஓடியிருக்கும், பிடுங்கினால் செங்கல்லும் கூட வரும். வெறுமனே வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். தண்டை வெட்டி, வெட்டுமுகம் ஈரமாக இருக்கும்போதே துளையிட்டுக் களைக்கொல்லியை ஊற்றி அடைத்துவிடுங்கள். சில மாதம் கழித்து வேர் செத்துச் சுருங்கிய பிறகு, அந்தப் பகுதிக் கல்லை எண் போட்டுப் பிரித்து, வேரை எடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும்.

---

தளமேஸ்திரி

கூரையைப் பொறுத்தவரை ஒரே வேலையாக முடிக்கலாமே. பழைய தட்டோட்டின் (மேல்தளத்தில் பதித்த தட்டை ஓடு) மேல் தார்ப் பாய் (நீர் புகாத தார் விரிப்பு) ஒட்டி, அதன் மேல் 2 அங்குலம் சிமென்ட் தளம் போட்டால் ஒழுகல் நின்றுவிடும். விலைப்பட்டியலிலும் அந்த வேலைக்கு இடம் இருக்கிறது. சுண்ணாம்புத் தளத்துக்கு ஆளும் கிடைப்பதில்லை, நாளும் ஆகும்.

---

நீற்றுப்பெட்டி

தளமேஸ்திரி அண்ணா, ஒழுகல் முதல் இரண்டு மழைக்கு நிற்கும், அது உண்மைதான். கூரைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஈரத்துக்கு வழி என்ன? மேலே தார்ப் பாய் மூடிவிட்டால் அது கீழேதான் இறங்கும். கீழே இருப்பது தளத்தைத் தாங்கும் தேக்குக் கைமரமும் இரும்பு உத்திரமும். கைமரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் ஈரம் தங்கும், மரம் உளுக்கும். நடுப்பகுதி கல்லாக இருக்கும், முனையில் உளியை வைத்தால் பிட்டு மாதிரி உதிரும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. போதாக்குறைக்கு 2 அங்குலச் சிமென்ட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் புதுப் பாரம் ஏற்றுகிறது.

அந்தக் காலச் சென்னைக் கட்டடங்களில் கூரை இரண்டு வகை. ஒன்று இரும்பு உத்திரங்களுக்கு நடுவே சின்னச் செங்கல் வளைவுகள். மற்றது மெட்ராஸ் டெரஸ். எந்த அறையில் எது என்பதை 2 அடிக்கு 2 அடி திறந்து பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மெட்ராஸ் டெரஸ் பழுது பார்க்கும் முறை இது. தேக்குக் கைமரத்தின் மேல் 6 அங்குலம், 3 அங்குலம், 1 அங்குலம் அளவுள்ள மெல்லிய தளச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, கைமரத்துக்கு மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை. ஜல்லி 3 பங்கு, மணலும் சரளையும் சேர்ந்து 1 பங்கு, மொத்தத்தில் பாதியளவு சுண்ணாம்புச் சாந்து. 4 அங்குலம் பரப்பி, மரக்கட்டையால் 3 நாள் அடித்து 3 அங்குலமாக இறக்க வேண்டும். அடிக்கும்போது கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே போக வேண்டும். கட்டை துள்ளிக் குதிக்கும் சத்தம் வந்தால் போதும். ‘மொத்’ என்று அமுங்கினால் இன்னும் அடிக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு வரிசைத் தட்டோடு, ஒரு வரிசையின் இணைப்பு மற்றதன் இணைப்பின் மேல் விழாதபடி. கடைசியில் பூச்சு. 36 அடி ஓட்டத்துக்கு 1 அடி சரிவு.

தவறு பெரும்பாலும் அந்த 3 நாள் அடியில்தான் நடக்கிறது. ஒரே நாளில் முடித்துவிட்டுப் பூசிவிடுவார்கள். உள்ளே பொள்ளல் விழும், தட்டோடு தூக்கும்.

தார்ப் பாய்க்கும் இடம் உண்டு, மறுக்கவில்லை. பின்னாளில் சேர்த்த கான்கிரீட் கூரைகளில் தாராளமாகப் போடுங்கள்.

---

ஓதக்கோடு

வெளிச்சுவருக்கு வருகிறேன். கட்டடத்தின் அழகே பூசாத செங்கல்தான், அதில்தான் அதிகத் தவறும் நடக்கிறது.

சூளையில் வெந்த செங்கல்லுக்கு வெளிப்புறம் ஒரு கெட்டித் தோல் இருக்கும். மணல் வீசிச் சுத்தம் செய்தால் அந்தத் தோல் போய்விடும். முதல் வாரம் புத்தம் புதிதாகத் தெரியும், பிறகு ஒவ்வொரு மழையையும் குடிக்கும். பழைய சிவப்புப் பெயின்டை எடுக்க வேண்டுமானால் கண்ணுக்குப் படாத மூலையில் 1 சதுர அடியில் சோதித்துப் பார்த்து, நீராவியிலோ பசை வகை நீக்கியிலோதான் எடுக்க வேண்டும். மங்கிய செங்கல்லை மறைக்கச் சிவப்பு ஆக்ஸைடு அடிப்பது அதைவிடக் கெடுதல். ஈரம் வெளியே வரும் வாசலை அடைத்த மாதிரி.

இணைப்புகளில் சிமென்ட் ஏன் கூடாது? சுவருக்குள் போன தண்ணீர் எது மிருதுவோ அது வழியாக வெளியேறும். சுண்ணாம்பு இணைப்பு மிருதுவானது. உப்பு அதில் பூக்கும், இணைப்பு தேயும், 40, 50 ஆண்டுக்கு ஒருமுறை இணைப்பை மட்டும் புதுப்பித்தால் போதும். இணைப்பில் சிமென்ட் வைத்தால் மிருதுவான பொருள் செங்கல் ஆகிவிடுகிறது. தண்ணீரும் உப்பும் செங்கல் முகத்தில் வந்து, உப்பு படிகமாகி, முகம் பொறுக்குப் பொறுக்காக உதிரும். சிமென்ட் கோடு மட்டும் வெளியே துருத்திக்கொண்டு, செங்கல் குழிந்து நிற்கும் சுவர்களைச் சென்னையில் எங்கும் பார்க்கலாம். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கையில் உப்புக்குப் பஞ்சமே இல்லை.

பழைய சாந்தைச் சுரண்டும்போது கிரைண்டர் வேண்டாம். சக்கரம் ஒரு நொடி விலகினாலும் செங்கல் விளிம்பு போய்விடும். தட்டை உளி, சின்னச் சுத்தியல் போதும். 10 மி.மீ. அகல இணைப்பை 25 மி.மீ. ஆழம் சுரண்டி, தூசியை ஊதிவிட்டு, தண்ணீர் தெளித்து, மேல் ஈரம் இறங்கிய பிறகு சாந்தை இரண்டு தடவையாக அழுத்த வேண்டும். செங்கல் முகத்தில் சாந்து வழியக் கூடாது.

சாந்துக்கும் நனைப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இந்தப் பகுதியில் அது கரிக்கும். குடிநீர் லாரி வரவழைக்கும் செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

---

பாரிமுனை

அப்படியானால் ஏற்கெனவே உப்பு ஏறிய சுவரை என்ன செய்வது? அடிச்சுவரில் 3 அடி உயரம்வரை ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) ஏறியிருப்பதைப் பல பழைய நீதிமன்றங்களில் காண முடிகிறது.

---

ஓதக்கோடு

முதலில் வெளித்தரையைப் பாருங்கள். சாலை மேல் சாலை போட்டுத் தரை உயர்ந்திருக்கும், சுவரை ஒட்டிச் சிமென்ட் தளமும் போட்டிருப்பார்கள். மண்ணிலிருந்து ஆவியாக வேண்டிய ஈரம் சுவர் வழியாக மேலே ஏறுகிறது. சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து எடுத்து, சரளை நிரப்பி, வெளிவிளிம்பில் சரிவான வடிகால் விடுங்கள். ஓதக்கோடு ஓராண்டில் தானாகக் கீழிறங்குவதைப் பார்க்கலாம்.

பிறகு உப்பை உறிஞ்சும் பற்று. காகிதக் கூழ், களிமண், மணல் மூன்றையும் உப்பில்லாத தண்ணீரில் பிசைந்து 15 முதல் 20 மி.மீ. கனத்தில் சுவரில் அப்பி, 3 வாரம் காயவிட்டு உரிக்க வேண்டும். உரித்ததில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து மின்கடத்துத் திறனை அளந்து குறித்து வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பற்றில் அளவு இறங்கிக்கொண்டே வரும். இறங்குவது நின்றதும் நிறுத்தலாம். உலர்ந்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், சுவருக்குள் திரும்பப் போய்விடும். உலர்ந்த தூரிகையால் துடைத்துச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

---

வண்ணக்கண்ணாடி

சன்னல் கண்ணாடிகளை மறந்துவிட்டீர்கள். நிறக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஈயப்பட்டை வெயிலில் விரிந்து சுருங்கித் தளரும். சட்டத்தின் நடு வயிறு முன்னால் தள்ளினால் அதுதான் அறிகுறி. கையால் அழுத்தி நேராக்கப் பார்த்தால் கண்ணாடி நொறுங்கும். கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஈயக் கோடுகளின் படி எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடுங்கள். புது ஈயத்தில் கோத்த பிறகு, ஆளிவிதை எண்ணெயும் சுண்ணப்பொடியும் சேர்த்த மக்கை (புட்டி) இடுக்கில் தேய்க்க வேண்டும். சிலிக்கான் பசை வேண்டாம். அடுத்த முறை பிரிக்கவே முடியாது.

---

கோட்டைமேடு

கட்டடம் கெடுவதற்கு மழை மட்டும் காரணமில்லை. அன்றாட அலுவலகப் பயன்பாடும் அதே அளவு காரணம். குளிர்சாதனப் பெட்டியின் சொட்டுநீர்க் குழாயைச் சுவரில் விட்டால் ஆண்டு முழுக்க அந்த இடத்தில் மழைக்காலம்தான். துளை போட்டே ஆக வேண்டுமானால் செங்கல்லில் போடாமல் இணைப்பில் போடுங்கள், நாளைக்குச் சாந்து வைத்து அடைத்துவிடலாம்.

கோப்பு அலமாரிகளும் கவனிக்க வேண்டியவை. கட்டிவைத்த காகிதம் ஒரு கன மீட்டர் 600, 700 கிலோ வரும். மாடித் தளத்தின் நடுவில் வரிசையாக இரும்பு அலமாரி வைத்தால் கைமரம் வளையும். பழைய ஆவணங்களைத் தரைத்தளத்துக்கு இறக்குவதே பாதி பழுதுபார்ப்பு. அங்கேயும் சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளி, தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரையான்.

கோபுர உச்சியின் இடிதாங்கிச் செம்புப் பட்டையை ஆண்டுதோறும் கோடையில் சோதியுங்கள். மண் காய்ந்திருக்கும் அந்த நாளிலும் அதன் மண்ணிணைப்பின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்த அளவு ஏமாற்றும்.

---

தளமேஸ்திரி

நீற்றுப்பெட்டி சொன்ன பாரக் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாள் கணக்கு இடிக்கிறதே. நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கும் கட்டடம். கோடை விடுமுறை மே மாதம்தான். கத்திரி வெயிலில் சுண்ணாம்பு வேலை செய்தால் பொடிந்துபோகாதா?

---

காரைக்கூட்டு

நல்ல கேள்வி, இதில்தான் ஒப்பந்தங்கள் சிக்குகின்றன. சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான், அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். மே வெயிலில் ஈரம் ஒரு மணி நேரத்தில் போய்விடும், சாந்து வெறும் மாவாக நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, இறுகாத சாந்தைக் கழுவிவிடும். ஆக வெளிச்சுவர் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் காலம். அதை மாலையிலும் சனி, ஞாயிறிலும் செய்யலாம். உளிச் சத்தம் பெரிதல்ல. ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மே மாதத்தை இடிப்பு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூரையைத் திறப்பது, உளுத்த கைமரம் மாற்றுவது, மின்கம்பி இழுப்பது எல்லாம் அப்போது. தளம் அடிக்கும் வேலையும் சேர்ந்தால் மேலே தகரப் பந்தல் போட்டு நிழலில் செய்யுங்கள். நீதிமன்றக் கூடங்களை மொத்தமாகக் காலி செய்ய வேண்டியதில்லை, மூன்று மூன்றாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும்.

விரிசல் உள்ள இடங்களில் இன்றைக்கே வேலை தொடங்கலாம். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டித் தேதி எழுதுங்கள். ஓராண்டில் கண்ணாடி உடையாவிட்டால் அது பழைய, ஓய்ந்த விரிசல். சுண்ணாம்புக் கூழ் ஊற்றி அடைத்தால் போதும். உடைந்தால் காரணத்தைத் தேட வேண்டும், அடைப்பது பிறகு.

---

பாரிமுனை

கடைசியாக அளவு. ஜனவரியில் 100 சதுர மீட்டர் வெளிச்சுவருக்கு இணைப்பு வைக்க எவ்வளவு சுண்ணாம்பு, எப்போது ஊற வைப்பது?

---

நீற்றுப்பெட்டி

செங்கல் 9, 4½, 3 அங்குலம் என்றும், நெடுக்கல் (நீளப் பக்கம் வெளியே தெரியும்) வரிசையும் குறுக்கல் (குறுகிய பக்கம் வெளியே தெரியும்) வரிசையும் மாறி மாறி வருகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். 1 சதுர மீட்டரில் படுக்கை இணைப்பும் நிற்கும் இணைப்பும் சேர்ந்து சுமார் 17 மீட்டர் ஓடும். 10 மி.மீ. அகலம், 25 மி.மீ. ஆழம் என்றால் சதுர மீட்டருக்கு 4¼ லிட்டர் சாந்து. 100 சதுர மீட்டருக்கு 425 லிட்டர், சேதாரம் சேர்த்து 530 லிட்டர். சுவரின் உண்மை அளவை வைத்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கலவை: சுண்ணாம்புக் களி 1, செங்கல் பொடி 1, ஆற்று மணல் 1. களி மற்றவற்றின் இடைவெளியில் அடங்கிவிடும், ஆகவே களி 265 லிட்டர், பொடியும் மணலும் அதே அளவு. நல்ல சுட்ட சுண்ணாம்புக்கல் ஒரு கிலோ 2 லிட்டருக்கு மேல் களி தரும். 150 கிலோ வாங்கினால் வேகாத கல் கழிந்தும் போதும். செங்கல் பொடி அரைவேக்காட்டுக் கல்லிலிருந்து இடித்ததாக இருக்கட்டும். கன்னங்கரேலென்று வெந்த கல்லின் பொடி வெறும் மணல் மாதிரிதான், சுண்ணாம்போடு சேராது.

தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கல். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். கொதி அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே 2 அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். குறைந்தது 3 மாதம் ஊற வேண்டும். அவசரப்பட்டால் ஊறாத குருணை சுவருக்குள் போன பிறகு பூத்து, சாந்தைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளும்.

ஜனவரி வேலைக்கு, மழை தொடங்குவதற்கு முன் செப்டம்பரிலேயே தொட்டியை நிழலில் வைத்துவிடுங்கள். மூடியில் ஊறப் போட்ட தேதியை எழுதி வையுங்கள், பழைய தொட்டியை முதலில் திறக்க அது உதவும்.